பட்டியலும் பாயும்: டெல்டா சபை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

மனு நான்கு பக்கம். கோடு போட்ட முழுத்தாளில், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவரின் முத்து முத்தான கையெழுத்து. மொத்தம் 11 குறைகள். முதல் வரியே இதுதான்: “எங்கள் சபை எங்கே போகிறது என்று எங்களுக்குத் தெரியவில்லை.” கடைசிப் பக்கத்தில் 43 கையொப்பங்கள்.

2024 நவம்பரில் திருமண்டல (பல ஊர்ச் சபைகளை மேற்பார்வையிடும் திருச்சபை நிர்வாக வட்டம்) அலுவலகத்துக்கு வந்த இந்த மனு, அங்கிருந்து என் வீட்டுக்கு வந்துசேர்ந்தது. கூட்டுறவுத் தணிக்கையில் 31 ஆண்டு கழித்தவன் நான்; கும்பகோணத்தில் வேறொரு சபையில் உறுப்பினன். கணக்கு பார்க்கத் தெரியும், அந்த ஊரில் எனக்குச் சொந்தக்காரர்கள் யாரும் கிடையாது. இந்த இரண்டு தகுதிக்காகத்தான் கூப்பிட்டார்கள். “ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்” என்றார்கள். அந்த ஒரு எட்டு மூன்று மாதம் நீண்டது.

ஊர்ப்பெயரைச் சொல்லப்போவதில்லை. எந்தத் திருச்சபைப் பிரிவு என்பதும் வேண்டாம். காரணம் போகப்போக விளங்கும். மன்னார்குடிக்குத் தெற்கே, திருத்துறைப்பூண்டி போகும் வழியில், பாமணியாற்றுப் பாசனத்தில் இருக்கிற ஊர் என்பது போதும்.

மனுவில் இருந்த 11 குறைகளையும் இங்கே அடுக்கினால் படிப்பவருக்குக் கொட்டாவி வரும். முக்கியமானவை இவை. மூன்று ஆண்டுகளாக வருடாந்திரக் கூட்டம் கூட்டப்படவில்லை. வரவு செலவு வாசிக்கப்படவில்லை. ஐயர் (சபையின் போதகர்) மாதத்தில் இரண்டு ஞாயிறுதான் வருகிறார். பாமாலை என்ற பழைய ஞானப்பாட்டுகளும் கீர்த்தனையும் போய், திரையில் எழுத்தோடும் கைதட்டல் பாட்டுகள் வந்துவிட்டன. ஆர்மோனியத்தைப் பூட்டி வைத்துவிட்டார்கள். கோயில் நிலத்தின் குத்தகை குறைந்துகொண்டே போகிறது. சாலையோரச் சுற்றுச்சுவரை இடித்துக் கடைகள் கட்டத் திட்டம் போடுகிறார்கள். “எங்கள் முன்னோர் கட்டிய ஆலயத்தைச் சந்தையாக்காதீர்கள்” என்று ஒரு வரிக்கு அடியில் இரண்டு கோடு இழுத்திருந்தது.

படித்ததும் எனக்கு மனுதாரர்கள் மேல் அனுதாபம் வந்தது. மூன்று ஆண்டு கணக்கு வாசிக்கவில்லை என்றால் தணிக்கைக்காரன் மூக்கு வேறு எதையும் மோப்பம் பிடிக்காது. போகும் முன்பே மனத்துக்குள் பாதி அறிக்கையை எழுதிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை

டிசம்பர் முதல் வாரம் யாரிடமும் சொல்லாமல் போனேன். நவம்பர் கடைசி மழையில் மூழ்கிய சம்பா அப்போதுதான் தலை நிமிர்ந்துகொண்டிருந்தது. அந்த ஆண்டு மேட்டூரை வழக்கமான ஜூன் 12-ல் திறக்கவில்லை. ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். ஆற்றுத் தண்ணீரை நம்பியிருந்தவர்களுக்குக் குறுவை இல்லை. சம்பாவையும் மழை பதம்பார்த்துவிட்டது. காணிக்கைப் பை எவ்வளவு எடை இருக்கும் என்று அங்கே யாரும் கணக்குப் போடத் தேவையில்லை.

கோயில் சின்னது, அழகானது. சுண்ணாம்புச் சுவர், தேக்குக் கைமரம், மேலே ஓடு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் அந்த ஓடுகளை வாரிக்கொண்டு போயிருக்கிறது. ரீப்பர் சட்டங்கள் மட்டும் மீனின் முள் மாதிரி நின்றனவாம். இப்போது இருப்பது மாற்றிப் போட்ட ஓடு. முகப்பில் ஒரு கிரானைட் கல். கூரைக்குப் பணம் கொடுத்தவர்களின் பெயர்கள், தொகையோடு. பெயருக்குப் பக்கத்தில் தாம்பரம், ஆவடி, அம்பத்தூர், ஒன்றிரண்டு சிங்கப்பூர். உள்ளூர் முகவரி மூன்றுதான் கண்ணில் பட்டது. புயலுக்கு அடுத்த வாரம் உடைந்த ஓட்டைப் பொறுக்கிக் கூடையில் சுமந்து கொட்டியவர்கள் யார் என்று பிற்பாடு கேட்டேன். “நம் தெருப் பெண்கள்தான்” என்றார் கோயில் ஊழியர். கல்லில் கூலிக்கணக்குக்கு இடம் கிடையாது.

பெஞ்சுகள் பாதிக்கு மேல் காலி. முன்னால் விரித்த கோரைப்பாய்களில் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். என் பழக்கம், எண்ணினேன். பெரியவர்கள் 31 பேர். அதில் பெண்கள் 24. ஐயர் இளைஞர், நாற்பது வயது இருக்காது. ஆறு கிராம சபைகள் அவர் பொறுப்பில். வண்டியில் வந்து, அங்கியை மாட்டிக்கொண்டு, ஆராதனை முடித்து, அடுத்த ஊருக்கு ஓட வேண்டும். பிரசங்கம் சுமார். பாட்டு வேறு விதம். திரையில் எழுத்து ஓட, பாயில் இருந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு பாடினார்கள். பலருக்குத் திரையைப் படிக்கத் தெரியாது, பாட்டு மனப்பாடம். பெஞ்சில் இருந்த ஒரு பெரியவர் பாட்டு முடியும் வரை பாமாலைப் புத்தகத்தை மடியில் மூடி வைத்துக்கொண்டிருந்தார்.

கிறிஸ்தவக் கீர்த்தனைகள் இயற்றிய வேதநாயக சாஸ்திரியார் பிறந்தது திருநெல்வேலி என்றாலும் வாழ்ந்து பாடியது தஞ்சாவூரில், சரபோஜி மன்னர் காலத்தில். அந்தக் கீர்த்தனைகளை டெல்டாவிலேயே பாடாமல் விடுவது எனக்கும் வருத்தம்தான். ஆனால் கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்த அந்தப் பெண்களிடம் போய் இந்த வருத்தத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆராதனை முடிந்து சபைப் பட்டியலைக் கேட்டேன். பொருளாளர் பச்சை அட்டை போட்ட பதிவேட்டைக் கொண்டுவந்தார். வாக்குரிமை உள்ள உறுப்பினர்கள் 88 பேர். அன்று வந்திருந்த 31 பேரில் யார் யார் இதில் இருக்கிறார்கள் என்று அவரையும் கோயில் ஊழியரையும் உட்காரவைத்துப் பார்த்தேன். பன்னிரண்டு பேர்.

“மற்ற 19 பேர்?”

“அவர்கள் வருவார்கள், போவார்கள் சார்.”

“எத்தனை வருடமாக?”

பொருளாளர் யோசித்தார். “சிலர் பத்து, பதினைந்து வருடமாக.”

மனுவில் கையெழுத்துப் போட்ட 43 பேரையும் அதே பட்டியலில் தேடினேன். ஒருவர் விடாமல் இருந்தார்கள், சந்தா பாக்கியில்லாமல். ஆனால் 29 பேருக்கு வெளியூர் முகவரி. சபை எங்கே போகிறது என்று கேட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஏற்கெனவே சென்னைக்கும் திருப்பூருக்கும் போனவர்கள்.

இதைக் கண்டுபிடித்ததும் கிண்டலாக ஒரு வாக்கியம் எழுதினேன். இரண்டு நாள் கழித்து அடித்துவிட்டேன்.

கல்லறைத் தோட்டம்

அடிக்கவைத்தவர் தலைமையாசிரியைதான். ஊரில் எல்லோருக்கும் அவர் ‘பெரிய டீச்சர்’. கோயிலை ஒட்டிய உதவிபெறும் தொடக்கப்பள்ளியில் ஊரின் இரண்டு தலைமுறைக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்தவர். பள்ளியில் இப்போது பிள்ளைகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கு வந்துவிட்டார்கள். அது தனிக் கதை.

“வெளியூர்க்காரர்களுக்கு இங்கே என்ன அக்கறை டீச்சர்?” என்று சற்றுக் கடுமையாகவே கேட்டேன். பதில் சொல்லாமல் சாவியை எடுத்துக்கொண்டு நடந்தார். வாய்க்கால் தாண்டிக் கல்லறைத் தோட்டம். கணவர் கல்லறைக்குப் பக்கத்தில் ஆறடிக்கு மூன்றடி வெற்றிடம், ஓரத்தில் நான்கு செங்கல் நட்டிருந்தது. “இது எனக்கு” என்றார், திண்ணையில் இடம் காட்டுவது போல. பிறகு வரிசையாகக் காட்டிக்கொண்டே போனார். இது ஆவடியில் இருக்கிறவனின் அப்பா. இது சிங்கப்பூர்ப் பெண்ணின் அம்மா. இது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறானே, அவன் தம்பி, கிணற்றில் விழுந்தவன்.

சந்தா பாக்கி இருந்தால் குடும்பத்தில் யாருக்கும் குழி வெட்ட அனுமதி இல்லை என்பது சபையின் பழைய விதி. வெளியூர்க்காரர்கள் வருடம் தவறாமல் கூகுள் பேயில் சந்தா அனுப்புவதன் ரகசியம் அதுதான். சென்னையில் வாடகை வீடு, அங்கே கல்லறை இடத்துக்கு அலைச்சல். செத்தால் குளிர்பெட்டியில் வைத்து ராத்திரியோடு ராத்திரியாக ஊருக்குக் கொண்டுவருகிறார்கள். டிசம்பர் 24 காலையில் மன்னை எக்ஸ்பிரஸில் வந்து இறங்கி, முதல் வேலையாகக் கல்லறைக்கு வெள்ளையடிக்கிறார்கள். கடைகள் கட்ட இடிப்பதாகச் சொன்ன சுவர் கல்லறைத் தோட்டத்துச் சுவரோடு சேர்ந்தது. மனுவில் ‘ஆலயம்’ என்று எழுதிய இடத்தில் எல்லாம் அவர்கள் மனத்தில் இருந்தது கல்லறை.

ஆக அந்த ஊரில் இரண்டு சபைகள் இருந்தன. அங்கே அடக்கமாகப் போகிறவர்களின் சபை ஒன்று. அதற்குப் பட்டியல் உண்டு, ஓட்டு உண்டு. ஞாயிறுதோறும் பாயில் உட்கார்கிறவர்களின் சபை இன்னொன்று. அதற்கு ஒரு வரிகூட எழுத்தில் இல்லை.

மூட்டை

கணக்குக்கு வருகிறேன். திருட்டு இல்லை; இதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் ஊரில் பாதிப் பேர் இருக்கிறது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். வவுச்சர்கள் சிகரெட் அட்டையில் இருந்தன, பேருந்து டிக்கெட்டின் பின்பக்கத்தில் இருந்தன. ரொக்கப் புத்தகத்தில் மூன்று மாதம் ஒரே பேனாவில், ஒரே நாளில் எழுதிய தோற்றம். பொருளாளர் உரக்கடை வைத்திருக்கிறவர். கடைக் கணக்கையே அப்படித்தான் வைத்திருப்பார். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தபோது 340 ரூபாய் சபைதான் அவருக்குத் தர வேண்டியிருந்தது.

குத்தகை விஷயம் சுவாரசியமானது. கோயிலுக்கு 18 மா நிலம். மூன்று மா ஒரு ஏக்கர் என்பது டெல்டாவுக்கு வெளியே இருப்பவர்களுக்காக. குத்தகைச் சீட்டு 1970-களில் எழுதியது, முத்திரைத்தாள் மடிப்பில் கிழிந்திருக்கிறது: மா ஒன்றுக்குச் சம்பா நெல் இரண்டு மூட்டை. ஆக 36 மூட்டை. குத்தகைக்காரர் ஆண்டுதோறும் 36 மூட்டை கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். ரசீது இருக்கிறது. பிறகு எப்படிக் குறைந்தது?

அவர் களத்துக்குப் போய்ப் பார்த்தபோதுதான் புரிந்தது. சீட்டு எழுதிய காலத்தில் மூட்டை என்றால் 60 கிலோ. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோச் சிப்பமாகத்தான் பிடிக்கிறார்கள். களத்துக்கு வருகிற சாக்கும் அந்த அளவுதான். எண்ணிக்கை மாறவில்லை, சாக்கு சின்னதாகிவிட்டது. மூட்டைக்கு 20 கிலோ. 36 மூட்டைக்கு 720 கிலோ. 2024-25-க்கு மத்திய அரசு அறிவித்த சாதாரண ரக ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,300 ரூபாய். அதில் போட்டால் ஆண்டுக்கு 16,560 ரூபாய். சிறிய சபைக்கு இது பெரிய தொகை.

குத்தகைக்காரரிடம் கேட்டேன். நல்ல மனிதர், கிறிஸ்தவர் அல்ல. கிறிஸ்துமஸுக்கு முதல் ஆளாக வாழைத்தார் கொண்டுவருகிறவர். “மூட்டை என்றால் மூட்டைதானே சார்? சாக்கு அரசாங்கம் கொடுத்தது, நானா தைத்தேன்?” என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரை வெளியேற்ற வேண்டும் என்று மனுவில் இருந்தது. அது நடக்கிற காரியம் இல்லை. 1955-ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும் 1961-ஆம் ஆண்டின் பொது அறக்கட்டளை விவசாய நிலச் சட்டமும் இருக்கிற மாநிலத்தில், அப்பா காலத்திலிருந்து உழுகிறவரைக் கோபத்தால் வெளியேற்ற முடியாது. வேண்டவும் வேண்டாம். பேசிப் பார்க்கலாம். பேசினோம், 50 கிலோவுக்கு இறங்கிவந்தார். இனி சீட்டில் மூட்டை என்ற சொல்லே இருக்கக் கூடாது, கிலோவில் எழுத வேண்டும் என்பது ஒன்றுதான் இந்த ஆய்வில் எல்லோரும் கை தூக்கிய முடிவு.

கடைகளுக்கும் ஒரு கணக்கு இருந்தது. கஜாவுக்கு முன்னால் வளாகத்தில் 22 தென்னைகள். தேங்காய் ஏலத்தில்தான் கோயில் மின்கட்டணமும் ஊழியர் சம்பளமும் ஓடின. புயலில் 19 சாய்ந்தன. வந்த பணம் எல்லாம் கூரைக்குப் போயிற்று. கன்று வைக்க யாருக்கும் தோன்றவில்லை. வைத்திருந்தால் இப்போது பாளை விட்டிருக்கும். வெறும் மண்ணாகக் கிடந்த அந்த இடத்தைப் பார்த்துத்தான், திருமண்டலத்துக்குச் செலுத்த வேண்டிய பங்குத்தொகை பாக்கியாகி நிற்கிறதே என்ற கவலையில், ஐயர் கடைகள் பற்றிப் பேசியிருக்கிறார். அவர் பேசியது தப்பில்லை. கூட்டம் போட்டுப் பேசாததுதான் தப்பு. “கூட்டம் போட்டால் வெளியூர்க்காரர்கள் வந்து கத்திவிட்டுப் போவார்கள் ஐயா. ஞாயிற்றுக்கிழமை அந்த இடத்தில் யார் இருக்கப்போகிறார்கள்?” என்றார். நியாயம்தான். ஆனால் தவிர்க்கிற கூட்டம் மனுவாகத்தான் திரும்பி வரும்.

எழுதாத பெயர்கள்

இரண்டாம் முறை போனது ஜனவரியில், பொங்கல் கழிந்து. அதற்குள் தீர்வு என்று ஒன்றை மிகுந்த பெருமையோடு தயாரித்துவிட்டேன். பட்டியலைத் திருத்துவது. பாயில் உட்காரும் 19 பேரையும் முறைப்படி உறுப்பினராக்கிவிட்டால் ஓட்டு சமமாகிவிடும். வருடாந்திரக் கூட்டம் உண்மையான கூட்டமாக இருக்கும். தணிக்கைக்காரனுக்கு ஒரு வியாதி உண்டு: காகிதத்தில் ஏறாதது நடக்கவில்லை என்று நினைப்பான், ஏறிவிட்டால் எல்லாம் சரியாகிவிட்டது என்றும் நினைப்பான்.

ஆராதனை முடிந்ததும் அறிவித்தேன். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் திண்ணைக்கு வரலாம். மேசை, நாற்காலி, பேனா, புதிய படிவங்கள். முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இருவர் வந்தார்கள், இருவரும் ஏற்கெனவே பட்டியலில் இருப்பவர்கள். பெயரில் எழுத்துப்பிழை திருத்த வந்தார்கள்.

எல்லோரும் போன பிறகு ஒரு பெண் வந்தார். நடவு, களையெடுப்பு, நூறு நாள் வேலை என்று வாழ்கிறவர். மகள் திருவாரூரில் நர்சிங் படிக்கிறாள். படிவத்தைத் தொடவில்லை.

“சார், எங்களுக்கு நல்லது செய்வதாக நினைத்து எழுதிவிடாதீர்கள். என் மகளுக்குச் சான்றிதழ் வேண்டும்.”

அவ்வளவுதான் சொன்னார். மீதி எனக்குத் தெரிந்ததுதான். தெரிந்தும் மறந்திருந்தேன் என்பதுதான் வெட்கம். 1950-ஆம் ஆண்டின் அரசியலமைப்பு பட்டியல் சாதியினர் ஆணைப்படி இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினர். 1956-ல் சீக்கியரையும் 1990-ல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர் இன்றும் வெளியே. தமிழ்நாட்டில் மதம் மாறிய ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். படிப்பு உதவித்தொகை, ஊராட்சியில் தனித்தொகுதி, 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு எல்லாம் அந்த ஒரு சான்றிதழில் தொங்குகின்றன. ஞானஸ்நானம் வாங்கினால் சாதி போய்விடும் என்று சட்டம் நினைக்கிறது. ஊர் டீக்கடை அப்படி நினைப்பதாகத் தெரியவில்லை.

இதில் இன்னொன்று. மனு எழுதப்பட்ட அதே நவம்பரில், 26-ஆம் தேதி, புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கிறிஸ்தவராக வாழ்ந்துகொண்டு வேலைக்காக மட்டும் இந்து என்று சொல்லிப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்க முடியாது என்று. அவர் ஞானஸ்நானம் பெற்றதும் தேவாலயத்துக்குப் போய்வந்ததும் அந்த வழக்கில் பேசப்பட்டன. மதம் மாறியவர்களின் இந்தக் கோரிக்கையை ஆராய மத்திய அரசு 2022 அக்டோபரில் நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் அமைத்தது. தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரல் 19-ல் ஆணையைத் திருத்தச் சொல்லித் தீர்மானம் போட்டது. ஆணை அப்படியே இருக்கிறது. இந்த நிலையில் ஒரு சபைப் பதிவேட்டில் பேனா படுவது என்ன என்று அந்தப் பெண்ணுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. நான் திண்ணையில் மேசை போட்டு உட்கார்ந்திருந்ததை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

படிவங்களை மடித்துப் பையில் வைத்தேன். “யாருடைய பெயரையும் எழுதவில்லை அம்மா” என்றேன். “தெரியும் சார். சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன்” என்றார்.

பழைய ஐயர்மார்களும் இதை அறிந்தே இருந்திருக்கிறார்கள். கேட்காமல் விட்டார்கள், எழுதாமல் விட்டார்கள். திடப்படுத்தல் (ஞானஸ்நானம் பெற்றவரைச் சபையின் முழு உறுப்பினராக்கும் சடங்கு) இல்லை, ஆகவே திருவிருந்து (அப்பமும் திராட்சை ரசமும் பெறுவது) இல்லை. திருவிருந்து இல்லாதவருக்கு ஓட்டு இல்லை. இரக்கத்தில் தொடங்கிய ஒரு பழக்கம், யாரும் திட்டமிடாமலே, சபையின் ஓட்டை ஊரில் இல்லாதவர்கள் கையில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது.

டெல்டா சபைகளுக்கு இந்த மாதிரிச் சண்டை புதிதில்லை. ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு ஐயர் 1706 ஜூலை 9-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய காலம்தொட்டே, யாரோடு யார் உட்காருவது என்ற கேள்வி கோயிலுக்குள் இருக்கிறது. 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், திருச்சபைக்குள் சாதி வேறுபாடு அறவே கூடாது என்று கடிதம் எழுதியபோது தஞ்சாவூரில் வேளாளக் கிறிஸ்தவர்கள் பலர் கோயிலை விட்டே வெளியேறினார்கள். மேலே நான் வருத்தத்தோடு குறிப்பிட்டேனே, அந்த வேதநாயக சாஸ்திரியாரும் எதிர்த்தவர்களில் ஒருவர். அன்று தகராறு உட்காரும் இடத்துக்கு. இன்று இந்த ஊரில் யார் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம், பெஞ்சுகள் காலியாகத்தான் கிடக்கின்றன. பெயர் எழுதும் இடத்தில்தான் தகராறு.

பெரிய டீச்சருக்கு இது தெரியாதா என்று கேட்டேன். “பள்ளியில் சேர்க்கைப் பதிவேட்டில் மதம், சாதி எழுதினவள் நான்தானே” என்றார். அதற்குமேல் பேசவில்லை. ஆர்மோனியத்தைப் பற்றி மட்டும் போகிறபோது நினைவுபடுத்தினார்.

அறுப்பின் பண்டிகை

கூட்டத்தை எந்த நாளில் வைப்பது என்பதில்தான் என் ஆய்வின் மிச்ச உயிர் இருந்தது. வழக்கமாக வருடாந்திரக் கூட்டம் டிசம்பர் 26-ல். வெளியூர்க்காரர்கள் இருக்கும் நாள். நான் பரிந்துரைத்தது பிப்ரவரி கடைசியில் வரும் அறுப்பின் பண்டிகை நாளை. உள்ளூர்க்காரர்கள் கையில் நெல் இருக்கும் நாள். சட்டப்படியான கூட்டம் பட்டியலில் உள்ளவர்களோடு நடக்கட்டும். அதற்கு முன்னால், அதே காலையில், வந்திருக்கும் எல்லோரும் பேசுகிற ஆலோசனைக் கூட்டம் ஒன்று: வருகைப்பதிவு கிடையாது, பெயர் கிடையாது, கை தூக்கினால் போதும். அது எடுக்கும் முடிவை மீறிச் சட்டப்படியான கூட்டம் முடிவெடுத்தால் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும். இது எந்த விதிப்புத்தகத்திலும் இல்லாத ஏற்பாடு. தணிக்கைக்காரனாக என்னிடம் யாராவது இப்படிக் கொண்டுவந்திருந்தால் சிவப்பு மை போட்டிருப்பேன்.

வெளியூரிலிருந்து பதினோரு பேர் வந்தார்கள். எதிர்பார்த்ததைவிட அதிகம். பாயிலிருந்தவர்கள் முதல் கால் மணி நேரம் வாயே திறக்கவில்லை. பிறகு கடைகள் பற்றிப் பேச்சு வந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல்: “கடை எடுக்க முன்பணம் நம்மில் யாரிடம் இருக்கிறது? எடுக்கப்போவது வெளியாள். அவன் கடைக்கு வெளியே குடிப்பான், நாங்கள் உள்ளே ஜெபம் பண்ணுவோமா?” ஆவடிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தங்கள் கட்சிக்கு இப்படி ஓர் ஆள் இருப்பது அவர்களுக்கு அதுவரை தெரியாது.

கடைகள் கைவிடப்பட்டன. சுவரோரம் தென்னங்கன்று வைக்க முடிவானது. தண்ணீர் ஊற்றுவது யார் என்பதில் மட்டும் அரைமணி நேரம் போயிற்று. மாதம் ஒரு ஞாயிறு ஆர்மோனியமும் பாமாலையும். ஐயர் அதற்கு ஒப்புக்கொண்டதைவிட, பாயில் உட்காருகிறவர்கள் குடியிருக்கும் புதுத்தெருவில் வெள்ளி இரவு அவர் நடத்தும் ஜெபத்துக்குப் பெரிய டீச்சர் ஒரு முறை போய் வந்தது பெரிய விஷயம் என்று நினைக்கிறேன். அந்த ஜெபத்தை ஐயர் தொடங்கியதே, பெண்கள் மூன்று மைல் தள்ளி ஒரு ஜெபவீட்டுக்கு ஆட்டோ வைத்துப் போக ஆரம்பித்ததால்தான். மனுவில் இது ‘வேதத்துக்குப் புறம்பான கூடுகை’ என்று எட்டாவது குறையாக இருந்தது.

சந்தா விதி மாறவில்லை. திருவிருந்து, ஓட்டு எதுவும் மாறவில்லை. பச்சை அட்டைப் பதிவேட்டில் இன்றும் 88 பெயர்கள்தான். கூட்டத்துக்குப் பிறகு ஒருவர் இறந்ததால் 87. பரிந்துரை என்று நான் எழுதியவற்றில் பாதி, அந்த 1950 ஆணை மாறினால் ஒழிய ஆகாதவை. அதை அறிக்கையிலும் அப்படியே எழுதியிருக்கிறேன். அலுவலகத்தில் யாரோ அந்தப் பத்தியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்கள்.

ஏப்ரலில் ஐயர் போன் செய்தார். புதுத்தெருவில் ஒரு பாட்டி இறந்துவிட்டார்; இருபது வருடமாகப் பாயின் முதல் வரிசையில் உட்கார்ந்தவர். கல்லறைத் தோட்டத்தில் வைக்கலாம், யாரும் தடுக்கமாட்டார்கள் என்று ஐயர் சொல்லியிருக்கிறார். குடும்பம் வேண்டாம் என்றது. பேரன் காவலர் தேர்வு எழுதியிருக்கிறான். தெருவின் இடுகாட்டிலேயே அடக்கம் செய்தார்கள். ஐயர் அங்கி இல்லாமல் சட்டையோடு போய் நின்று ஜெபித்தார். பெரிய டீச்சர் குடையைப் பிடித்துக்கொண்டு வாய்க்கால் கரையில் நடந்தே வந்திருந்தாராம். கீர்த்தனை ஒன்றை அவர் எடுத்துக்கொடுக்க, பாயில் உட்காரும் பெண்கள் தெரிந்த வரை பின்பாட்டுப் பாடினார்கள் என்றார்.

அடக்கப் பதிவேட்டில் அந்தத் தேதிக்கு எதுவும் எழுதவில்லை.